ஒரு நாற்காலி மட்டும் நீலம்

கல்லூரி வாசலில் கட்டியிருந்த பேனரில் ஒரு மாணவி பட்டமளிப்புத் தொப்பியோடு சிரித்துக்கொண்டிருந்தாள். 'செயற்கை நுண்ணறிவு இளநிலைப் பட்டம்: நாளைய உலகம் உங்கள் கையில்' என்று கீழே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அவள் உயர்த்திக் காட்டிய கையில் ஆறு விரல் இருந்தது.

கொழுந்தன் நின்று, சந்தேகத்துக்கு இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தான்.

"அண்ணி, நாளைய உலகத்துல ஆளுக்கு ஒரு விரல் எக்ஸ்ட்ரா போல."

"பேனர் எத்தனை நாளா தொங்குது?"

"வெயில்ல வெளுத்துப் போயிருக்கு. வருஷம் ஒண்ணு இருக்கும்."

"ஒரு துறையே தினம் இந்த வாசல் வழியாத்தான் உள்ள போகுது. ஒருத்தன் நிமிர்ந்து பார்க்கல. இவங்க செஞ்சதை இவங்களே பார்க்க மாட்டாங்க. ஞாபகம் வச்சுக்கோ, தம்பி."

அண்ணி துப்பறியும் நிலையம் நடத்துகிறவள். அதற்கு முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம் பிடிக்கும் வேலை. எரியாத கடைக்கு நஷ்டஈடு கேட்டவர்கள், உயிரோடு இருக்கிற மாமியாருக்கு இறப்புச் சான்றிதழ் வாங்கியவர்கள் என்று பார்த்துப் பார்த்து, மனித குலத்தின் மேல் அவளுக்கு மரியாதை விட்டுப்போய்விட்டது. கொழுந்தன் அவளிடம் உதவியாளனாகச் சேர்ந்ததற்கு ஒரே காரணம்தான். அவனுடைய வாயை வேறு எந்த முதலாளியும் ஒரு மாதத்துக்கு மேல் தாங்கவில்லை.

பரீட்சை ஹால் படிக்கட்டில் அந்தப் பெண் காத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரியின் தங்கை. இங்கே கம்ப்யூட்டரும் செயற்கை நுண்ணறிவும் படிக்கும் கடைசி வருஷ மாணவி. வகுப்பில் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் 'கேள்வி'. வாயைத் திறந்தால் கேள்விதான் வருமாம். போன வாரம் பரீட்சையில் அவள் காப்பி அடித்தாள் என்று குற்றச்சாட்டு. இன்று மதியம் விசாரணைக் குழு உட்காருகிறது. குற்றம் உறுதியானால் பட்டம் கிடையாது, வேறு எந்தக் கல்லூரியிலும் சேரவும் முடியாது. மாணவி சார்பில் ஒருவர் பேசலாம் என்று விதியில் ஒரு வரி இருந்தது. அந்த ஒருவர்தான் அண்ணி.

"துண்டுச்சீட்டு, போன் ஏதாவது எடுத்தாங்களா?" என்று அண்ணி கேட்டாள்.

"ஒண்ணும் இல்லைக்கா. சோதனை போட்டுப் பார்த்துட்டாங்க. ஹால்ல நின்ன மேற்பார்வையாளரும் எதுவும் பார்க்கலைன்னு சொல்லிட்டாரு."

"அப்புறம் யாரு பார்த்தது?"

அந்தப் பெண் ஹாலுக்குள் கையை நீட்டிக் கூரையைக் காட்டினாள். விசிறிக்குப் பக்கத்தில் ஒரு கேமரா. அதன் வயிற்றில் 'கழுகுக்கண்' என்று ஸ்டிக்கர்.

"எங்க துறையே செஞ்சது. யாரு காப்பி அடிக்கிறாங்க, யாரு நேர்மையா எழுதுறாங்கன்னு அதுவே பார்த்துச் சொல்லும். போன செமஸ்டர்ல அரியர் எழுதினவங்களுக்குத்தான் முதல் தடவை போட்டாங்க. ஒரு ரூம்ல இருந்த அத்தனை பேரையும் பிடிச்சுது. என் ரூம்மேட்டும் அதுல ஒருத்தி. எல்லாரையும் கல்லூரியை விட்டே அனுப்பிட்டாங்க."

"நீ என்ன கேள்வி கேட்ட?"

அவள் ஆச்சரியத்தோடு பார்த்தாள். "கேட்டேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உன் பேரே அதானே."

"ஒருநாள் வகுப்புல கேட்டேன். ஒரு ரூம்ல ஒருத்தர்கூடவா சார் நேர்மையா எழுதியிருக்க மாட்டாங்கன்னு. துறைத்தலைவர் சிரிச்சாரு. 'பதக்கம்'னு ஒருத்தன் இருக்கான், அவன் முறைச்சான். எங்க வகுப்புல எப்பவும் முதல் மார்க் அவன்தான், கழுகுக்கண் அவனோட ப்ராஜெக்ட். அவனுக்கு வழிகாட்டியா இருக்கிற சார் மட்டும், 'நல்ல கேள்விம்மா, ப்ராஜெக்ட் நாள் அன்னைக்கு வெளியாட்கள் முன்னாடி கேளு, பதில் சொல்றேன்'னாரு. அந்த நாள் அடுத்த வாரம் வருது. அதுக்குள்ள என்னையே அது பிடிச்சுடுச்சு."

சொல்லி முடிக்கும்போது அவளுக்குக் குரல் உடைந்தது. அண்ணி ஆறுதல் சொல்லவில்லை. அண்ணிக்கு ஆறுதல் சொல்ல வராது. "முகத்தைக் கழுவிட்டு வந்து இங்கயே உக்காரு" என்றாள்.

துறைத்தலைவரின் அறையில் குளிர் நடுக்கியது. சுவர் முழுக்கக் கேடயங்கள். மனிதர் எழுந்து வந்து கைகுலுக்கி, டீ வரவழைத்து, யாரும் கேட்காமலேயே கழுகுக்கண்ணின் புகழைப் பாட ஆரம்பித்தார்.

"மேடம், ஆளு பொய் சொல்லுவான். மெஷின் சொல்லாது."

"சரிதான் சார், உண்மை சொல்றதுக்கும் அதுக்கு வாய் இல்ல" என்றான் கொழுந்தன்.

துறைத்தலைவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு தலையாட்டினார். "போன தடவை ஒரு ரூமையே வாரிப் பிடிச்சுது. ஒருத்தன் தப்பல. நாலஞ்சு கல்லூரியில இப்பவே எங்களுக்கும் வேணும்னு க்யூவுல நிக்கிறாங்க. இந்தப் பொண்ணு விஷயத்தையும் பாருங்க."

பெரிய திரையில் பரீட்சை ஹால் தெரிந்தது. வரிசை வரிசையாகத் தலைகள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தன. எல்லாரைச் சுற்றியும் பச்சைக் கட்டம், 'நேர்மை'. நடுவில் ஒரே ஒரு சிவப்புக் கட்டம். அதற்குள் அந்தப் பெண் பேனா மூடியைக் கடித்தபடி விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே எழுத்து பளிச்சிட்டது: 'காப்பி, 97 சதவீதம்.'

"இதுல அவ என்ன தப்பு செய்றா?" என்றாள் அண்ணி.

"நம்ம கண்ணுக்குத் தெரியாது மேடம். அதுக்குத்தானே மெஷின்?"

இந்த மாதிரி பதிலுக்கு மேல் மனிதன் என்ன பேச முடியும்? கொழுந்தன் டீயை உறிஞ்சிக்கொண்டு திரையை வேடிக்கை பார்த்தான்.

"என்ன இருந்தாலும் அந்தப் பொண்ணுக்கு மரியாதை ஜாஸ்திதான், அண்ணி. ஹால் முழுக்க பழுப்பு நாற்காலி, அதுக்கு மட்டும் தனியா நீல நாற்காலி. சம்பந்தி வீட்டு ஆளு மாதிரி கவனிச்சிருக்காங்க."

அண்ணி வாய்க்குக் கொண்டுபோன கோப்பையைக் கீழே வைத்தாள். "இன்னொரு தடவை சொல்லு."

"சம்பந்தி வீட்டு..."

"அதுக்கு முன்னாடி."

கொழுந்தனுக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் சொன்னது ஜோக். அவனுடைய ஜோக்குக்கு அண்ணி இதுவரை டீயைக் கீழே வைத்ததில்லை.

"அந்த நாற்காலி ஏன் சார் நீலம்?" என்று அண்ணி துறைத்தலைவரிடம் கேட்டாள்.

"பழசு உடைஞ்சிருக்கும். லேப்ல எல்லாம் நீலம்தான், அங்கேர்ந்து ஒண்ணு கொண்டுவந்து போட்டிருப்பாங்க. இந்த மாதிரி சின்ன விஷயம் எல்லாம் நான் பார்க்கிறதில்ல. நான் பெரிய விஷயங்களைப் பார்க்கிறவன்."

"தெரியும் சார். வாசல்லயே பார்த்தோம்" என்றான் கொழுந்தன்.

பதக்கம் மூன்றாவது மாடி லேப்பில் இருந்தான். மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு, கழுத்தில் அடையாள அட்டையோடு, ஏற்கனவே ஒரு கம்பெனிக்குத் தலைவராகிவிட்டவன் போல உட்கார்ந்திருந்தான். கழுகுக்கண்ணுக்கு எப்படிப் பாடம் சொல்லிக்கொடுத்தாய் என்று அண்ணி கேட்டதும் அவனுக்கு உற்சாகம் பொங்கியது.

"சிம்பிள் மேடம். காப்பி அடிக்கிற வீடியோ ஒரு பக்கம், நேர்மையா எழுதுற வீடியோ ஒரு பக்கம். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு அதுவே கத்துக்கும். நாம எதுவும் சொல்ல வேண்டாம்."

"காப்பி அடிக்கிற வீடியோவுக்கு ஆளு எங்க கிடைச்சாங்க?"

"முதல் வருஷப் பசங்களை நடிக்கச் சொன்னோம். வழிகாட்டி சார் ஒரே மத்தியானத்துல இந்த லேப்ல வச்சு எடுத்து முடிச்சாரு. நேர்மைக்கு ஹால்ல எடுத்த பழைய ரெக்கார்டிங் இருந்துச்சு."

அவன் ஓடவிட்டுக் காட்டினான். கொழுந்தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஒருவன் சட்டைக் கைக்குள் பூரான் புகுந்தவன் மாதிரி எட்டிப் பார்த்தான். இன்னொருத்தி பக்கத்து ஆளின் தாளைப் பார்ப்பதற்காக ஏறக்குறைய அவன் மடியில் ஏறினாள். மூன்றாமவன் கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் துண்டுச்சீட்டை எடுத்தான்.

"திருட்டை இவ்வளவு நேர்மையா யாரும் செஞ்சு நான் பார்த்ததில்ல, அண்ணி."

அண்ணி சிரிக்கவில்லை. "இந்த வீடியோ எல்லாத்தையும் நீ பார்த்தியா?" என்று பதக்கத்திடம் கேட்டாள்.

"ஆயிரக்கணக்குல இருக்கு மேடம், யாரு உக்காந்து பார்ப்பா? மெஷின் பார்த்துக்கும்."

"அது சரியா வேலை செய்யுதான்னு எப்படிச் சோதிச்ச?"

"இதே வீடியோவுல கொஞ்சத்தைத் தனியா எடுத்து வச்சு, அதைக் காட்டிச் சோதிச்சேன். ஏறக்குறைய நூத்துக்கு நூறு."

"கேள்வித்தாளையும் விடைத்தாளையும் ஒரே கவர்ல போட்டு அனுப்பின மாதிரி" என்றாள் அண்ணி.

பதக்கம் பெருமையாகத் தலையாட்டினான். அவனுக்கு அது உறைக்கவில்லை. மதிப்பெண்ணில் சேராத எதுவும் அவனுக்கு உறைக்காது போலிருந்தது.

கிளம்பும்போது அண்ணி கொழுந்தனைப் பார்த்தாள். "இங்கேர்ந்து ஒரு நீல நாற்காலியைத் தூக்கிட்டு ஹாலுக்கு வா."

"லிஃப்ட் இருக்கா?"

"இல்ல."

தூக்கித் தோளில் வைக்கும்போது கொழுந்தன் கூரையைப் பார்த்தான். லேப்பின் கூரையிலும் ஒரு கழுகுக்கண் கேமரா. கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று பார்த்துக் காப்பி அடிக்கும் என்று பயந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டான். மூன்று மாடி இறங்கி, படிக்கட்டுத் திருப்பத்துக்கு ஒருமுறை முழங்காலில் இடி வாங்கி, ஹாலுக்குள் நுழைந்தவன், கடைசி வரிசைக்குப் பின்னால் இருந்ததைப் பார்த்ததும் நாற்காலியைத் தடாலென்று கீழே போட்டான்.

அங்கே பழுப்பு நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஆள் உயரத்துக்கு அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

"அண்ணி! இங்கயே இத்தனை மிச்சம் இருக்கு! ஒரு நாற்காலி உடைஞ்சா, எந்தப் பைத்தியக்காரன் மூணு மாடி ஏறிப் போய் வேற ஒண்ணு எடுத்துட்டு வருவான்?"

"அந்தப் பைத்தியக்காரனைத்தான் தேடுறேன்" என்றாள் அண்ணி.

அவள் ஹாலின் நடுவில் ஒரு மேஜை போடச் சொன்னாள். மேஜைக்கு இந்தப் பக்கம் தனக்கு ஒரு பழுப்பு நாற்காலி, எதிரே அந்த நீல நாற்காலி. வேறெதுவும் பக்கத்தில் கிடையாது. பதக்கத்தை வரவழைத்துக் கேமராவை ஓடவிடச் சொன்னாள். சுவரில் இருந்த திரையை மட்டும் அணைக்கச் சொன்னாள், கண் கூசுகிறதாம். திரை அணைந்தாலும் எல்லாம் பதிவாகும் என்று பதக்கம் உறுதி சொன்னான்.

"விசாரணைக்கு முன்னாடி உங்க மூணு பேர்கிட்டயும் தனித்தனியா நாலு வார்த்தை பேசணும்" என்றாள்.

முதலில் துறைத்தலைவர் வந்தார். நீல நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

"நீங்க என்ன சார் படிச்சீங்க?"

"நிர்வாகம்."

"கழுகுக்கண் எப்படி வேலை செய்யுதுன்னு தெரியுமா?"

"ரொம்ப நல்லா வேலை செய்யுது!"

அடுத்து பதக்கம். உட்கார்ந்த நாற்காலியின் முன்கால்களைத் தூக்கி ஆடிக்கொண்டே பேசினான். தன்னுடைய கட்டுரை வெளிநாட்டு மாநாட்டுக்குப் போகிறது, வேலை கிடைத்துவிட்டது, அந்தக் 'கேள்வி'க்குப் பொறாமை. அண்ணி கேட்டது ஒன்று, அவன் சொன்னது வேறு ஒன்பது.

அவன் போன பிறகு அண்ணி கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். எதிரே காலி நாற்காலி. கொழுந்தனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. விசாரணைக்கு நேரமாகிறது, வெளியே ஒரு பெண் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அண்ணியோ ஒரு நாற்காலியோடு முறைத்துப் பார்க்கும் போட்டி நடத்துகிறாள்.

கடைசியில் வழிகாட்டி ஆசிரியர் வந்தார். மெலிந்த, சாந்தமான முகம். குரல் அதைவிடச் சாந்தம்.

"அந்தப் பொண்ணை நினைச்சா மனசே கேக்கலைம்மா. ராத்திரி தூக்கமே வரல."

"உக்காருங்க சார்."

"பரவால்லம்மா. வகுப்புல நின்னு நின்னு பழகிப்போச்சு."

அண்ணி பேச்சை நீட்டினாள். பாடத்திட்டத்தைப் பற்றிக் கேட்டாள். பையன்கள் இப்போதெல்லாம் புத்தகமே திறப்பதில்லை என்ற உலகப் பிரச்சினையைப் பற்றிக் கேட்டாள். வழிகாட்டி ஒரு காலை மாற்றி நின்றார், பிறகு மறு காலை மாற்றினார். இன்னும் கொஞ்ச நேரம் போனதும், "ஒரு நிமிஷம்மா" என்று சொல்லிவிட்டு, ஹாலின் கடைசிக்கு நடந்து போனார். அடுக்கிலிருந்து ஒரு பழுப்பு நாற்காலியை எம்பி எடுத்து, சுமந்துகொண்டு வந்து, காலியாக இருந்த நீல நாற்காலிக்குப் பக்கத்திலேயே போட்டு உட்கார்ந்தார்.

"அப்பாடா" என்றார்.

"நன்றி சார். அவ்வளவுதான்" என்றாள் அண்ணி.

அவர் வெளியே போனதும் கொழுந்தன் வெடித்தான். "என்ன அண்ணி அவ்வளவுதான்? இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே! யாரு செஞ்சதுன்னு எப்பக் கண்டுபிடிக்கப் போறோம்?"

"கண்டுபிடிச்சாச்சு. நீயும் பார்த்துட்டுத்தான் இருந்த."

விசாரணை அதே ஹாலில் நடந்தது. நடுவில் முதல்வர், வழுக்கைத் தலையும் அவசரமும் உள்ள மனிதர். பக்கத்தில் துறைத்தலைவர், வழிகாட்டி, பதக்கம். எதிரே தனியாக அந்தப் பெண். முதல்வர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "மெஷின் தெளிவாச் சொல்லியிருக்கு. இதுல பேச என்ன இருக்கு?" என்றார்.

"மெஷின் சொன்னா நீங்க நம்புவீங்க?" என்று அண்ணி கேட்டாள்.

"கண்டிப்பா."

"அப்ப இன்னைக்கு அது சொன்னதையும் கேட்டுடலாம். தம்பி, போடு."

திரையில் துறைத்தலைவர் தோன்றினார். கால்மேல் கால், முகத்தில் புன்னகை, சுற்றிலும் சிவப்புக் கட்டம். 'காப்பி, 98 சதவீதம்.'

துறைத்தலைவர் எழுந்துவிட்டார். "நான் பரீட்சையே எழுதலையே! என்கிட்ட பேனாகூட இல்ல!"

"நம்ம கண்ணுக்குத் தெரியாது சார்" என்றான் கொழுந்தன். "அதுக்குத்தானே மெஷின்?"

அடுத்து பதக்கம் ஆடிக்கொண்டே வந்தான். 'காப்பி, 99 சதவீதம்.'

"பையன் இதுலயும் முதல் மார்க்தான்" என்றான் கொழுந்தன்.

பதக்கத்தின் முகம் செத்துவிட்டது. அண்ணி கையைத் தூக்கினாள். "இப்பத்தான் முக்கியமான குற்றவாளி வர்றாரு. நல்லாப் பாருங்க."

திரையில் காலி நாற்காலி இருந்தது. யாருமில்லை, காகிதமில்லை, பேனாவில்லை. நீல பிளாஸ்டிக்கைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. 'காப்பி, 96 சதவீதம்.'

முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தார். நாற்காலி அப்போதும் காப்பி அடித்துக்கொண்டுதான் இருந்தது.

"ஒரு குழந்தைக்கு அதோட மாமாவை எப்பப் பார்த்தாலும் சிவப்புச் சட்டையிலயே காட்டினா, தெருவுல போற சிவப்புச் சட்டைக்காரன் எல்லாம் அதுக்கு மாமாதான்" என்றாள் அண்ணி. "காப்பி அடிக்கிற வீடியோ எல்லாம் லேப்ல, நீல நாற்காலியில. நேர்மையா எழுதுற வீடியோ எல்லாம் ஹால்ல, பழுப்பு நாற்காலியில. வித்தியாசத்தை நீயே கண்டுபிடின்னு மெஷின்கிட்ட விட்டீங்க. அது கண்டுபிடிச்சுடுச்சு. முகத்தையும் கையையும் பார்க்கிற கஷ்டம் அதுக்கு எதுக்கு? நாற்காலியைப் பார்த்துச் சொல்லிட்டுப் போகுது. நாலு வருஷம் செயற்கை நுண்ணறிவு சொல்லித்தர்ற இடத்துல, ஒருத்தரும் அரை மணி நேரம் உக்காந்து அந்த வீடியோவைப் பார்க்கல."

"அப்ப... இது ஒரு தவறுதான்" என்றார் முதல்வர் நிம்மதியோடு. "தெரியாம நடந்த தவறு."

"மெஷின் செஞ்சது தவறு. அந்தப் பொண்ணுக்கு அடியில நீல நாற்காலியைப் போட்டது தவறு இல்ல. இதோ, பின்னாடி இத்தனை பழுப்பு நாற்காலி அடுக்கியிருக்கு. இதை விட்டுட்டு லேப்லேர்ந்து ஒண்ணு இறங்கி வந்திருக்கு. மெஷின் எதைப் பார்க்குதுன்னு தெரிஞ்ச ஒரு ஆளு அதை வரவழைச்சிருக்காரு. தெரியாதவங்க அந்த நாற்காலியில ஆடிக்கிட்டே உக்காருவாங்க. தெரிஞ்சவர்..."

அவள் கொழுந்தனைப் பார்த்துத் தலையசைத்தாள். கடைசிக் காட்சி ஓடியது. வழிகாட்டி நிற்கிறார், கால் மாற்றுகிறார், ஹால் முழுக்க நடந்து போய் நாற்காலி சுமந்து வருகிறார். காலியாக இருக்கும் நாற்காலியைச் சுற்றிச் சிவப்பு. அதை ஒட்டி உட்கார்ந்திருக்கும் அவரைச் சுற்றிப் பச்சை. 'நேர்மை, 98 சதவீதம்.'

"மூணு பேர்ல இன்னைக்கு இந்த மெஷின் யோக்கியர்னு சொன்னது உங்க ஒருத்தரைத்தான் சார். ஏன்?"

கொழுந்தன் பதக்கத்தின் பக்கம் திரும்பினான். "டேய் தம்பி, அன்னைக்கு அந்த நாற்காலியைத் தூக்கிட்டு வந்தது யாரு?"

"நான்தான்" என்றான் பதக்கம், அழுகிற குரலில். "சார்தான் ஒரு நம்பரைச் சொல்லி, அந்த மேஜைக்குக் கொண்டுவந்து போடச் சொன்னாரு. எதுக்குன்னு நான் கேக்கல."

"எதையும் கேக்காமலே முதல் மார்க் வாங்கியிருக்கப் பாரு, அதைச் சொல்லணும்."

வழிகாட்டி தலையைக் குனிந்துகொண்டார். அதே சாந்தமான குரலில்தான் பேசினார், அதுதான் கொழுந்தனுக்கு எரிச்சலைக் கிளப்பியது. "எனக்கும் முதல்ல தெரியாது. இவ அந்தக் கேள்வியைக் கேட்டப்புறம்தான் போய்ப் பார்த்தேன். பார்த்ததும் புரிஞ்சுபோச்சு. சரிபண்ணணும்னா எல்லாத்தையும் முதல்லேர்ந்து எடுக்கணும். அதுக்குள்ள மத்தக் கல்லூரிக்காரங்க வேற... ப்ராஜெக்ட் நாள்ல வெளியாட்கள் முன்னாடி இவ கேட்டுட்டா என் பேரு என்ன ஆகும்?"

"அதனால இவளையே மெஷின்கிட்ட மாட்டிவிட்டீங்க" என்றாள் அண்ணி. " காப்பி அடிச்சு மாட்டினவ மெஷினைக் குறை சொன்னா யாரு காது குடுத்துக் கேப்பா? கேள்வி கேட்டது இவ. பதிலைக் கண்டுபிடிச்சது நீங்க. அந்தப் பதிலை வச்சு இவ கழுத்தையே அறுத்தீங்க. ராத்திரி தூக்கம் வரலைன்னு சொன்னீங்களே, அது ஒண்ணு மட்டும் நிஜமா இருந்தா சரி."

முதல்வர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தப் பெண்ணின் மேல் இருந்த குற்றச்சாட்டு ரத்து என்றும், வழிகாட்டி மேல் நடவடிக்கை உண்டு என்றும், இது வெளியே போகக் கூடாது என்றும் ஒரே மூச்சில் சொன்னார். மூன்றாவது விஷயத்தைத்தான் அழுத்திச் சொன்னார்.

துறைத்தலைவருக்கு அதற்குள் உயிர் திரும்பியிருந்தது. "சார், இதுக்கு ஈசியா ஒரு வழி இருக்கு. பரீட்சை ஹால்ல இனிமே நீல நாற்காலி போடக் கூடாதுன்னு ஒரு சுற்றறிக்கை அனுப்பிடலாம். கழுகுக்கண் பாட்டுக்கு இருக்கட்டும்."

கொழுந்தன் வாயைத் திறந்தான். இதற்கு மேல் சேர்ப்பதற்குத் தன்னிடம் எதுவும் இல்லை என்று வாழ்க்கையில் முதல்முறையாக உணர்ந்து, மூடிக்கொண்டான்.

அப்போதுதான் அந்தப் பெண் கையைத் தூக்கினாள். வகுப்பில் தூக்குகிற மாதிரியே.

"சார், என் கேள்விக்கு இன்னும் பதில் வரல."

"உன்னைத்தான் விட்டாச்சேம்மா" என்றார் முதல்வர்.

"போன செமஸ்டர்ல ஒரு ரூமையே பிடிச்சுதே. அந்த அரியர் பரீட்சை எந்த ரூம்ல நடந்துச்சு?"

கொழுந்தனுக்கு லேப்பின் கூரையில் பார்த்த கேமரா ஞாபகம் வந்தது. அதற்கடியில் வரிசையாக இருந்த நீல நாற்காலிகள் ஞாபகம் வந்தன. அப்போது அதைப் பார்த்து ஜோக் யோசித்தது அவனுக்கு இப்போது வாயில் கசந்தது. வழிகாட்டி இன்னும் குனிந்தே இருந்தார். அவருக்கு இதுவும் தெரிந்திருக்கிறது.

"அதெல்லாம் முடிஞ்சுபோன விஷயம்மா" என்றார் முதல்வர். "அவங்கவங்க எங்கெங்கயோ போய்ட்டாங்க."

அந்தப் பெண் போனை எடுத்து அழுத்திக் காதில் வைத்துக்கொண்டாள். ஹால் அமைதியாக இருந்ததால், மறுமுனையில் மணி அடிப்பதுகூடக் கேட்டது.

"நான்தான்டி. வேலையில இருக்கியா? ஒரு நிமிஷம் வெளிய வா... இல்லடி, அழல. நீ காப்பி அடிக்கலைன்னு அவ்வளவு தடவை சொன்னியே. அன்னைக்கு நீ எந்தக் கலர் நாற்காலியில உக்காந்திருந்த, ஞாபகம் இருக்கா?"

துறைத்தலைவர் மெல்ல எழுந்து, இன்னும் பதிவு செய்துகொண்டிருந்த கேமராவின் சுவிட்சை நோக்கி நகர்ந்தார்.

"அதைத் தொடாதீங்க" என்றாள் அண்ணி. காலியாக இருந்த நீல நாற்காலியை இழுத்துப் போட்டு, கேமராவுக்கு நேராக உட்கார்ந்தாள். திரையில் அவளைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் விழுந்தது. அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அந்த ரூம்ல இருந்தவங்க ஒவ்வொருத்தர் பேரையும் சொல்லுங்க. நான் எங்கயும் போகப் போறதில்ல."